சகாரிஸ் பேர் வாங்கிய கதை

எங்கள் சாண்டோய் தீவில் பேர் பெற்றவர்கள் யார் என்று கேட்டால் பிஷப்பையோ கப்பல் தலைவனையோ யாரும் சொல்லமாட்டார்கள். திமிங்கலத்தைக் குத்தப் போய்ச் சொந்தப் படகின் அடிப்பலகையைக் குத்தி மூழ்கடித்த யோவன்னிஸைச் சொல்வார்கள். விருந்தாளி வருகிறார் என்று காய்ந்த ஆட்டுத் தொடையைப் படுக்கைக்குள் ஒளித்துவைத்து, விருந்தாளி போனதும் அதை மறந்து அதோடேயே படுத்துத் தூங்கிய எல்ஸ்பாவைச் சொல்வார்கள். இருவரும் செத்து மண்ணாகி எத்தனையோ காலமாயிற்று. அவர்கள் மேல் கட்டிய பாட்டு மட்டும் சாகவில்லை. எல்ஸ்பாவின் கொள்ளுப்பேத்தி சர்ச்சுக்குள் நுழைந்தால் இன்றைக்கும் எவனாவது ஒருவன் மூக்கை உறிஞ்சி ஆட்டுக்கறி வாசனை பிடிப்பான்.

இந்த வழக்கம் ஃபாரோ தீவுகள் எங்கும் உண்டு. எங்கள் லாம்பவிக்கில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஒருவன் அசட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டால் அவன் மேல் பகடிப்பாட்டு கட்டுவார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கித் தவக்காலம் பிறக்கும்வரை ஊரில் வளைய ஆட்டம் நடக்கும். வாத்தியம் கிடையாது, காலும் தொண்டையும்தான். புதுப்பாட்டை முதல் தடவை பாடும்போது பாட்டுக்குரியவன் வளையத்தில் இருந்தாக வேண்டும். அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தடியன்கள் நின்று ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசி அடிவரை அவன் ஆடித்தான் தீர வேண்டும். பல்லவியை ஊர் வாங்கிக்கொள்ளாவிட்டால் பாட்டு அங்கேயே செத்தது. வாங்கிக்கொண்டால் அவன் பேரன் பேத்தி காலத்துக்கும் விடாது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்படி ஒரு பாட்டுக்கு வெட்கப்பட்டு ஐஸ்லாந்துக்கே ஓடிப்போனார். அவர் போய் இறங்கிய துறையில் மீனவர்கள் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே தூண்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்களாம்.

சகாரிஸ் இந்த மாதிரிப் பேர் எதையும் வாங்காமல் செத்துப்போக வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதன். கொஞ்சம் ஆடு, ஒரு பசு, மீன்பிடிப் படகில் ஒரு துடுப்புக்கான பங்கு. மகள் ஒருத்தி பக்கத்துத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். வீட்டில் அவனும் மனைவி மார்யுனும்தான். மார்யுன் அதிகம் பேசமாட்டாள். ஆனால் வளையத்தில் இறங்கிவிட்டால் அவள் குரல்தான் கூரையைத் தூக்கும். அவள் பல்லவி எடுத்தால் முன்வரிசை ஆண்களே வெட்கப்படுவார்கள்.

சகாரிஸுக்கு ஊரறிந்த குறை ஒன்று உண்டு. கடல் அலைக்குப் பயப்படமாட்டான், பாறை விளிம்புக்குப் பயப்படமாட்டான். மூடுபனி இறங்கினால் மட்டும் தொடை நடுங்கும். சாம்பல் ஆட்கள் பனியில்தான் நடமாடுவார்கள் என்று சின்ன வயதிலேயே அவன் அப்பா காதில் போட்டுவைத்திருந்தார். சாம்பல் நிற உடுப்பு, குன்றுக்குள் குடியிருப்பு, ஆள் பிடித்துக்கொண்டு போகிற வேலை. அவர்கள் குடிக்கக் கொடுத்தால் நுரையை ஊதித் தள்ளிவிட்டுக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்ற தாயின் முகம்கூட மறந்துபோகும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். சகாரிஸ் மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

அந்த இலையுதிர் காலத்தில் ஆடு அடிக்கிற நாளுக்கு முந்தைய நாள், கிடாய் ஒன்றைக் காணோம் என்று அவன் மேல்மேய்ச்சலுக்குப் போனான். ஏறும்போது வெயில் அடித்தது. மேலே போனதும் கடல் பக்கமிருந்து பனி ஏறி வந்து காலடியில் இருந்த கல்லையே மறைத்துவிட்டது. அவன் கிடாயை மறந்தான். உட்கார்ந்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று நின்றான், நின்றால் கண்டுகொள்வார்கள் என்று நடந்தான். எந்தப் பக்கம் ஊர், எந்தப் பக்கம் பாறை விளிம்பு என்று தெரியவில்லை.

அப்போதுதான் எதிரே அது வந்து நின்றது. தலையிலிருந்து முழங்கால்வரை சாம்பல். முகம் இல்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சகாரிஸ் முழங்காலில் விழுந்தான். யோசித்துப் பேசினானா என்றால் இல்லை. பயம் பேசியது.

"என்னை விட்டுரு சாமி. நான் ஒண்ணுக்கும் லாயக்கில்ல, எனக்கு முதுகுவலி. கீழ என் பொண்டாட்டி இருக்கா, மார்யுன்னு பேரு. நல்ல உழைப்பாளி. பால் கறந்தா ஒரு சொட்டு சிந்தாது. எதுத்துப் பேசமாட்டா. அவளக் கூட்டிட்டுப் போ. நான் கதவத் தெறந்தே வெக்கிறேன்."

சாம்பல் உருவம் அசையாமல் நின்றது. பிறகு திரும்பிப் பனிக்குள் போயிற்று. போகும்போது அதன் காலடியில் ஒரு கல் புரண்டு சரிவில் உருண்டது.

அந்தக் கல் உருண்ட சத்தம்தான் சகாரிஸின் வாழ்க்கையைக் கெடுத்தது. சாம்பல் ஆட்களின் காலுக்குக் கல் புரளாது. பனித்துளிகூட நசுங்காது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் வந்தது மனிதன். மனிதன் என்றால் காது உண்டு. கேட்டது ஆள் பிடிக்கிற காதாக இருந்திருந்தால்கூடத் தேவலை, பாட்டுக் கட்டுகிற காதாக இருந்தால் என்ன கதி?

வழி தப்பித் தடுமாறி, பனி கலைந்தபின் அவன் வீடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மார்யுன் அடுப்பருகே நின்று பாவாடையின் நனைந்த ஓரத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிருந்த?" என்று கேட்டான்.

"மாட்டப் பாக்க" என்றாள். போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். லாம்பவிக்கில் யாருக்கும் கதவைத் தாழ் போடுகிற வழக்கம் கிடையாது. காற்றுக்காகப் போடுகிறாள் போல என்று சகாரிஸ் நினைத்தான். நினைத்தானோ இல்லையோ, அவன் காதில் அந்தக் கல்தான் உருண்டுகொண்டிருந்தது.

மறுநாள் ஆட்டுப்பட்டியில் ஊரே கூடியிருந்தது. மிக்யாலும் இருந்தான். ஒல்லி ஆள், குறும்புக் கண். ஊரில் புதிதாகப் பாட்டுக் கட்டுகிறவன் அவன்தான். அவனுடைய மேய்ச்சலும் மேலேதான். கத்தியைத் தீட்டிக்கொண்டே கண்ணைச் சுருக்கிக் கேட்டான்:

"என்ன சகாரிஸ், நேத்திக்குப் பனியில சாம்பல் ஆசாமி யாராச்சும் வந்தானா? நுரைய ஊதுனியா, அப்படியே குடிச்சிட்டியா?"

பனி இறங்கிய மறுநாளெல்லாம் அவன் கேட்கிற கேள்விதான் இது. ஊர் வழக்கம்போல் சிரித்தது. சகாரிஸுக்கு மட்டும் கையிலிருந்த ஆட்டுக்குடல் நழுவிக் கீழே விழுந்தது. இவன்தான், சந்தேகமே இல்லை, என்று தீர்மானித்துவிட்டான்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஊர் சிரிப்பதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்வான். யோவன்னிஸ் பொறுக்கவில்லையா, எல்ஸ்பா பொறுக்கவில்லையா? ஆனால் பாட்டு வந்தால் வளையத்தில் மார்யுன் இருப்பாள். ஊரே கேட்க, தன்னைக் கட்டியவன் தன்னைக் கொண்டுபோகச் சொன்னான் என்று கேட்பாள். கதவைத் திறந்துவைப்பதாகச் சொன்னதையும் கேட்பாள். அவளே பல்லவி பாட வேண்டியிருக்கும்.

வாயை அடைக்க ஒரே வழிதான் அவனுக்குத் தெரிந்தது. இறைச்சி தொங்கவிட்டிருந்த கொட்டகையிலிருந்து காய்ந்த ஆட்டுத் தொடை ஒன்றை இறக்கிச் சாக்கில் சுற்றி மிக்யால் வீட்டுக்குக் கொண்டுபோனான்.

"என்னடா இது?" என்றான் மிக்யால்.

"சும்மாதான் அண்ணே. நிறைய இருந்துச்சு."

மிக்யால் தொடையையும் பார்த்தான், அவனையும் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அண்ணே என்று அதுவரை சகாரிஸ் அவனைக் கூப்பிட்டதே இல்லை. மிக்யால் சந்தேகப்பட்டாலும் தொடையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வீடு தேடி வந்ததை எவன் எட்டி உதைப்பான்?

பிறகு உப்புக்கண்டம் போட்ட கடல்பறவைகள் போயின. திமிங்கலக் கொழுப்பு ஒரு துண்டு போயிற்று. மிக்யால் வீட்டுக் கூரைப் புல் காற்றில் பெயர்ந்தபோது, கேட்காமலே போய் ஏறிப் புல்கட்டி வெட்டிப் பதித்துக் கொடுத்தான். கொடுக்கும்போதெல்லாம் மிக்யால் முகத்தையே பார்ப்பான். மிக்யால் புன்னகைத்தால் 'தெரியும் என்கிறான்' என்று நடுங்குவான். சிரிக்காவிட்டால் 'இன்னும் வேண்டும் என்கிறான்' என்று நடுங்குவான்.

மார்யுன் ஒருநாள் கொட்டகையிலிருந்து வந்து சொன்னாள்: "ஒரு தொடையக் காணோம்."

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்."

"கொக்கியக் கழட்டிக் கதவத் தெறந்தா போச்சு காக்கா?"

அவள் விடாமல் கேட்கவில்லை. பழைய மார்யுனாக இருந்தால் உண்மை வரும்வரை விட்டிருக்கமாட்டாள். அவனுடைய தோல் செருப்பை ராத்திரி அடுப்போரம் காயவைப்பதையும் அவள் நிறுத்தியிருந்தாள். காலையில் ஈரச் செருப்புக்குள் கால் விடும்போது குளிர்ந்தது, ஆனால் ஏன் என்று அவன் யோசிக்கவில்லை. மிக்யாலைப் பற்றி யோசிக்கவே அவனுக்கு நேரம் போதவில்லை. ஒவ்வொரு அந்தியிலும் அவள் எழுந்து போய்த் தாழைப் போட்டுவிட்டு வந்துதான் கம்பளி பின்ன உட்கார்ந்தாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. வளையம் தொடங்கியது. சகாரிஸ் போகவில்லை. ஆள் இல்லாமல் முதல் பாட்டுப் பாட முடியாதே, அதுதான் அவன் பிடித்த பிடி. ஒருநாள் முதுகுவலி, ஒருநாள் பசுவுக்கு வயிற்றுப்போக்கு, ஒருநாள் தொண்டைக்கட்டு. மார்யுன் சால்வையைப் போர்த்திக்கொண்டு தனியாகப் போய்வருவாள். அவள் திரும்பி வரும்வரை இவன் இருட்டில் உட்கார்ந்து, காற்றோடு மிதந்து வரும் காலடித் தாளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஊர் மொத்தமும் ஒரே சீராகத் தரையை மிதிக்கிற அந்தச் சத்தம் அவன் விலா எலும்பில் வந்து இடித்தது.

"இன்னிக்கு என்ன பாடுனாங்க?" என்று கேட்பான்.

"பழசுதான்."

"மிக்யால் ஏதாச்சும்…"

"உன்னை விசாரிச்சான்."

அவ்வளவுதான், அன்றைக்கும் தூக்கம் போயிற்று.

தவக்காலத்துக்கு முந்தைய கடைசி ஆட்டத்தன்று அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "காய்ச்சல் அடிக்குது" என்று முனகினான். இந்த ஒரு சாயங்காலம் தப்பித்துவிட்டால் அடுத்த கிறிஸ்துமஸ்வரை பயமில்லை. மார்யுன் கட்டிலருகே வந்து நின்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"எந்திரி. இன்னிக்கு நீ வர்ற."

"மார்யுன், எனக்கு…"

"வராட்டி ஊர் என்னையத்தான் கேக்கும். என்னன்னு சொல்லட்டும்?"

எதிர்த்துப் பேசமாட்டாள் என்று அவன் பனியில் விற்ற அதே மார்யுன்தான். அவன் எழுந்தான்.

ஊர்ப் பெரிய வீட்டின் அடுப்புக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. வளையம் சுவரோரம் சுற்றி, இடம் போதாமல் உள்ளுக்குள் மடிந்து மடிந்து ஓடிக்கொண்டிருந்தது. இப்படி மடியும்போது எதிரெதிரே வருகிறவர்களின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போகும். சகாரிஸ் கதவோரமாகவே நின்றான். பழைய பாட்டு முடிந்தது. அடுத்த மூச்சுக்குள் அவன் வலது கையை ஒரு கை பிடித்தது, இடது கையை இன்னொரு கை. படகுத்துறை ஹைனியும் அவன் தம்பியும். பிடியிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"விடுடா ஹைனி."

"ஆடு மாமா. ஒண்ணும் வலிக்காது."

வளையம் அவனை இழுத்துக்கொண்டது. மார்யுன் எங்கே என்று பார்த்தான். எங்கோ நாலைந்து பேருக்கு அப்பால் அவளுடைய தலைத்துணி தெரிந்தது. ஓடிப்போய் அவள் காதைப் பொத்திவிட வேண்டும்போல் இருந்தது. அதற்குள் மிக்யால் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான்:

*ஆட்டுத் தொடை ஒண்ணு வந்தது,*
*அதுக்குப் பின்னால பறவை வந்தது,*
*கூரைக்குப் புல்லும் வந்தது,*
*கேக்காம எல்லாம் வந்தது.*

*என்ன செஞ்சே சகாரிஸே, சொல்லு,*
*என்னதான்டா செஞ்சே?*

சகாரிஸுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாவது கண்ணி வந்தது: முந்தாநாள்வரை டேய் என்றவன் அண்ணே என்கிறான். மூன்றாவது வந்தது: ஆட்டத்துக்கு வர மட்டும் முதுகுவலி, என் வீட்டுக் கூரைமேல் ஏறும்போது வலி இல்லை. ஒவ்வொரு கண்ணிக்கும் முடிவில் அதே கேள்வி. மெல்ல மெல்ல அவன் மண்டையில் ஏறியது. மிக்யாலுக்கு ஒன்றும் தெரியாது. குன்றின்மேல் வந்தவன் மிக்யால் இல்லை. எதற்கென்றே தெரியாமல்தான் அவன் இத்தனை மாதமும் தின்றிருக்கிறான். தின்றுவிட்டுக் கடைசியில் அதையே பாட்டாகக் கட்டிவிட்டான்.

ஊர் பல்லவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கிழவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "என்ன செஞ்சே? என்ன செஞ்சே?" என்று மாமன் கேட்டான், மச்சினி கேட்டாள், டென்மார்க்கிலிருந்து வந்த பாதிரியாரின் சமையல்காரிகூட அரைகுறை உச்சரிப்பில் கேட்டாள். பாட்டு இனிச் சாகாது. ஆனாலும் சகாரிஸுக்கு அழுகை வரும்போல் ஒரு நிம்மதி வந்தது. மார்யுனைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இவர்கள் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், நான் சொன்னால்தானே என்று நினைத்துக்கொண்டான். சிரிப்புக்கூட வந்துவிட்டது. ஹைனி கைப்பிடியைத் தளர்த்தினான்.

அப்போது வளையம் மடிந்தது. எதிர்வரிசை முகங்கள் ஒவ்வொன்றாக அவனைக் கடந்து போயின. எல்லா வாயும் திறந்து, எல்லாக் கண்ணும் சிரித்து, எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போயின. பிறகு மார்யுன் வந்தாள்.

அவள் வாய் மூடியிருந்தது.

கால் தாளம் தப்பவில்லை. கண் அவன்மேல் இருந்தது. பல்லவி எடுத்தால் கூரையைத் தூக்குகிற அந்தக் குரல் ஊரே கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவள் கடந்து போனாள். வளையம் சுற்றி வந்தது, மறுபடியும் மடிந்தது, மறுபடியும் வந்தாள். வாய் மூடியே இருந்தது. சகாரிஸின் உள்ளங்காலிலிருந்து குளிர் ஏறியது. நனைந்த பாவாடை ஓரம் நினைவுக்கு வந்தது. காயாத செருப்பு நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தொழுவத்தில் பசு காலையிலிருந்தே கட்டித்தான் கிடந்தது, அதைப் பார்க்கப் பாவாடை நனைய எங்கே போக வேண்டும்? ஒவ்வொரு அந்தியிலும் விழுந்த அந்தத் தாழின் சத்தம் இப்போதுதான் முதல் முறையாக அவன் காதில் விழுந்தது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். ஆளாளுக்கு அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். மார்யுன் வாசலில் நின்று சால்வையை உதறித் தலைமேல் போட்டுக்கொண்டாள். அவளே நூற்று அவளே நெய்த சாம்பல் நிறச் சால்வை. முழங்கால்வரை தொங்கியது. முகம் நிழலுக்குள் போய்விட்டது. எத்தனையோ குளிர்காலம் அவன் பார்த்த சால்வைதான். அன்றைக்கு அதைப் பார்த்ததும் அவன் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது.

அவள் முன்னே நடந்தாள். அவன் பின்னே போனான். கூட நடக்கவும் பயமாக இருந்தது, பின்தங்கவும் பயமாக இருந்தது. பாதி வழியில்தான் குரல் எழும்பியது.

"நீ ஏன் பாடல?"

"தெரிஞ்சத என்னத்துக்குக் கேக்கணும்?" என்றாள் மார்யுன், திரும்பிப் பார்க்காமல். கொஞ்ச தூரம் நடந்தபின், "பனி எறங்குச்சு. நீ பயந்து பாற வெளிம்புக்குப் போயிருவன்னு தேடிட்டு வந்தேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்க நினைத்தான். எதற்கு என்று சொல்லிக் கேட்பது? அந்த வார்த்தைகளை மறுபடியும் வாயால் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"பால் கறந்தா ஒரு சொட்டு சிந்தாதாம்" என்றாள் அவள். "இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவ சொன்னதில்ல."

வீடு வந்தது. அவள் உள்ளே போனாள். தினமும் அவளே திரும்பி வந்து போடுகிற தாழை அன்று தொடவில்லை. அடுப்பருகே போய் நின்றுகொண்டாள்.

"உள்ள வந்து தாழ் போடு. இல்லன்னா தெறந்தே வெய்யி. ஒன் இஷ்டம்."

சகாரிஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். தாழ் துளையில் விழாமல் இரண்டு முறை இடறியது. மூன்றாம் முறை விழுந்தது. இழுத்துப் பார்த்தான். விழுந்துவிட்டது என்று தெரிந்தும் கையை எடுக்காமல் நின்றான். மார்யுன் பின்னாலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்பது அவன் பிடரிக்குத் தெரிந்தது.

அதன்பின் அவர்கள் இருவரும் வெகுகாலம் வாழ்ந்தார்கள். அந்தப் பேச்சு மறுபடியும் அவர்களுக்குள் வரவில்லை. ஒவ்வொரு தவக்காலத்துக்கு முன்பும் ஊர் அவனை வளையத்துக்குள் இழுத்துவைத்து அந்தக் கேள்வியைக் கேட்டது, ஒவ்வொரு வருஷமும் மார்யுன் வாயை மூடிக்கொண்டு ஆடினாள். அவள் வாய் என்றாவது ஒருநாள் திறந்துவிடுமோ என்று அவன் ஒவ்வொரு வருஷமும் செத்துப் பிழைத்தான். இன்றைக்கும் லாம்பவிக்கில் பேர் பெற்றவர்கள் யார் என்று கேட்டால் மூன்றாவதாகச் சொல்வது சகாரிஸைத்தான். ராத்திரியில் கதவைத் தாழ் போடுகிற வீடு ஊரில் அவனுடையது ஒன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். எதற்கு என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.